கோப்பில் இறந்துபோன நைனா

1

நான் படித்த பல்கலைக்கழகம் இதுவரை எனக்கு இரண்டு முறை வருத்தம் தெரிவித்திருக்கிறது. முதல் முறை, என் நைனா இறந்துபோனதற்காக. இரண்டாம் முறை, அவர் இறந்துபோன செய்தியை யாரோ திருடிக்கொண்டு போனதற்காக.

நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் புதுப்பட்டினத்தில் நன்றாகவே இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. காலையில் இரண்டு தெரு நடந்துபோய் மீன்காரம்மாவிடம் பேரம் பேசி, தோற்று, அந்தக் கோபத்தோடு வீடு திரும்புகிறார். மத்தியானம் அதே மீனைச் சாப்பிட்டுவிட்டு எனக்கு போன் செய்து அவளைத் திட்டுகிறார்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். மெல்பர்னுக்கு நான் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷப் படிப்புக்கென்று வந்தவன், குடிநீர் வாரியத்தில் வேலை, வீடு, மகள் என்று இங்கேயே தங்கிவிட்டேன். போன வருஷம் ஒரு நாள் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. முன்னாள் மாணவர்களின் கோப்புகளுக்குள் அனுமதியில்லாமல் சிலர் நுழைந்துவிட்டார்களாம். பாஸ்போர்ட் நகல், முகவரி, மதிப்பெண், மாணவர் நலப்பிரிவுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் வெளியே போயிருக்கலாமாம். ஆழ்ந்த வருத்தமாம். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கடைசியில் ஒரு வரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாம் ஒரு பாரத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மூன்று வாரம் இழுத்தடிப்பவர்கள் இவர்கள். தங்கள் கதவை மட்டும் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். பழைய மாணவர்கள் பலர் சேர்ந்து கூட்டு வழக்குப் போடப்போவதாக ஒரு வக்கீல் அலுவலகம் எழுதியபோது, முதல் ஆளாகப் பெயரைக் கொடுத்தேன். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் தனியுரிமை பற்றி எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். அந்தச் சூட்டோடு நைனாவிடமும் சொன்னேன்.

“யுனிவர்சிட்டி மேல கேஸ் போட்டுக்கீறேன் நைனா.”

“யாரு மேல? பாடம் சொல்லிக் குடுத்தவன் மேலயா?”

“நம்ம பேப்பரு மொத்தத்தையும் திருட்டுக் குடுத்துட்டானுங்க.”

“அப்டியா சேதி. அப்ப வுடாத.”

மறுநாளே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எம்பையன் வெள்ளக்காரன் மேலயே கேஸு போட்டுக்கீறான் என்று இஸ்திரி போடுபவர் வரைக்கும் சொல்லியிருக்கிறார். அந்தத் திருட்டுப்போன பேப்பரில் தன்னுடைய சாவும் ஒன்று என்று அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது அப்போது மறந்தே போயிருந்தது.

2

சில மாதங்கள் கழித்து வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. என் கோப்பிலிருந்து வெளியே போன பக்கங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இவை என்னுடையவை, இவற்றில் உள்ள விவரங்கள் உண்மை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மகள் யாழினி.

யாழினிக்குப் பதினொரு வயது. சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு. போகமாட்டேன் என்று அவளும், போயே ஆக வேண்டும் என்று நானும் வாராவாரம் சண்டை போட்டுக்கொள்வோம். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். என் மனைவி உமா அதை எப்போதோ விட்டுவிட்டாள். நான் விடுவதில்லை, ஜெயிப்பதும் இல்லை. அன்றும் வகுப்பிலிருந்து கடுகடுவென்று வந்து உட்கார்ந்திருந்தவள், அந்தக் கட்டுக்குள் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். சட்டப்பூர்வமான காகிதத்தில் அவள் தமிழைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“இரு, நான் படிக்கறேன். கா... த... ணி... வி... ழா. காதணின்னா இயரிங்தானே அப்பா?”

அந்தப் பக்கத்தை வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவள் முந்தைய பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அது ஆங்கிலத்தில் இருந்தது, அதனால் ஒரே மூச்சில் படித்துவிட்டாள். விண்ணப்பத்தின் காரணம்: பெற்றோர் மரணம். இறந்தவர் பெயர்: தணிகாசலம். உறவு: தந்தை.

“தாத்தா செத்துட்டாரா? லாஸ்ட் சண்டேகூட மீன் பத்தி திட்டினாரே!”

பிறகு அவள் இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் கண்ணில் முதலில் பயம், அப்புறம் குழப்பம். கடைசியில், வீட்டுப்பாடம் செய்ததாகச் சொல்லி அவள் மாட்டிக்கொள்ளும்போது நான் பார்ப்பேனே, அதே பார்வை.

“அப்பா, நீங்க பொய் சொன்னீங்களா?” என்றாள். நல்ல தமிழில் கேட்டாள்.

3

சொன்னேன். ஆனால் எப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

எனக்கு ஒரே தங்கை, கலா. அம்மா போனபோது அவள் ஒன்பதாம் வகுப்பு. நான் இங்கே படிக்க வந்த வருஷம் அவளுடைய மகள் தீபிகாவுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். முதல் காது குத்தலுக்குக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். நாலைந்து மாமன்கள் உள்ள வீட்டில் ஒருத்தன் வராவிட்டால் இன்னொருத்தன். இங்கே நான் ஒருத்தன்தான். மாமன்காரன் ஃபாரினில் இருக்கிறான், ஒன்றுவிட்ட சித்தப்பன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு கிளம்பியிருக்கிறது. கலா போனில் அழுதாள்.

“ண்ணா, நீ வந்தா குத்தறேன். இல்லாங்காட்டி எம்பொண்ணு மூளிக் காதோடவே கெடக்கட்டும். வேற எவன் மடியிலயும் ஒக்கார வெக்கமாட்டேன்.”

அவர்கள் குறித்த தேதி எனக்குத் தேர்வு வாரத்தின் நடுவில் விழுந்தது. மாணவர் சேவைக் கவுன்டரில் போய் நின்றேன். அங்கே இருந்த பையன் பொறுமைசாலி.

“தங்கை மகளுக்குக் காது குத்துகிறார்கள்” என்றேன்.

“அறுவை சிகிச்சையா?”

“இல்லை, சும்மா குத்துவதுதான்.”

“குத்தப்போவது நீங்களா?”

“இல்லை. நான் உட்கார்ந்திருப்பேன்.”

அவன் எதையோ எழுதினான், அடித்தான், ஒரு பாரத்தை நீட்டினான். தேர்வைத் தள்ளிவைக்க நான்கே காரணங்கள்: சொந்த நோய், விபத்து, நீதிமன்ற அழைப்பு, நெருங்கிய உறவினர் மரணம். நெருங்கிய உறவினர் என்றால் கணவன் மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறப்பு. தாத்தா பாட்டி சேராது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பள்ளிக்கூட லீவு லெட்டர்களில் இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகளையும் இரக்கமில்லாமல் அனுப்பிவைத்தவன் நான். அந்த வழி இங்கே அடைபட்டிருந்தது. அம்மா நிஜமாகவே இல்லை. அவளை இன்னொரு தடவை சாகடிக்கக் கை வரவில்லை. மிச்சம் இருந்தது நைனா.

ஆதாரம் இணைக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்த ஒரே காகிதம் காதணி விழா அழைப்பிதழ். நம் ஊர் அழைப்பிதழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் வட்டத்துக்குள் நைனாவின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிலும் பூ. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் அது, சிரிப்பு கிடையாது, கண் எங்கேயோ வெறித்திருக்கும். அதை அப்படியே இணைத்து, குலதெய்வக் கோயிலில் குடும்பச் சடங்கு, இன்ன தேதி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அந்த வரியில் பொய் இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் மிச்சத்தை அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

கடைசியில் ஒரு பெரிய கட்டம். இந்த இழப்பு உங்களை எப்படிப் பாதித்திருக்கிறது, இருநூறு வார்த்தைகளுக்குள். எதையாவது இட்டுக்கட்டி நிரப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா வேறு பக்கம் போனது.

நைனா பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப் கேன்டீனில் சமையல்காரர். நான் அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் படித்தேன், ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளோடு. மத்தியானம் சைக்கிளில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவருவார். உள்ளே வரமாட்டார். சட்டை முழுக்க வெங்காய வாசனை அடிக்கும், பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். கேட்டில் கேரியரை மாட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு புங்க மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். நான் வந்து எடுக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் அங்கே நிற்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன். ஒரு நாள்கூடக் கை காட்டியதில்லை.

இதைத்தான் எழுதினேன். இனி கை காட்ட முடியாது என்று முடித்தேன். எழுதி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். நைனா அப்போது ஊரில் அநேகமாக எனக்காகக் கோழி விலை விசாரித்துக்கொண்டிருந்திருப்பார்.

தேர்வைத் தள்ளிவைத்தார்கள். நலப்பிரிவில் இருந்த மார்கரெட் என்ற அம்மாள் தன் கையாலேயே ஓர் இரங்கல் கடிதம் எழுதி அனுப்பினார். நான் ஊருக்குப் போனேன். தீபிகா என் மடியில் உட்கார்ந்து, காது குத்தியவரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வீசினாள். நைனா பந்தியில் நின்று எல்லோருக்கும் கேசரி போட்டார். எனக்கு மட்டும் இரண்டு கரண்டி. அதைத் தின்று முடிப்பதற்குள் செத்துப் பிழைத்தேன்.

4

எங்கள் வழக்கைப் பார்க்கும் வக்கீல் அம்மாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. பொய்யான விவரத்தை உண்மை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் அது குற்றம். வழக்கிலிருந்து விலகிக்கொள்வதென்றால் யாருக்கும் எதுவும் தெரியாமலே போகும். வழக்கில் நிற்பதென்றால், முதலில் கோப்பைத் திருத்தச் சொல்லி நானே பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். தன்னைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தச் சொல்ல இங்கே எல்லோருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. அவர்கள் பழைய விஷயத்தைக் கிளறுவார்களா, பட்டத்துக்கு ஏதாவது வந்துவிடுமா என்று கேட்டேன். வாய்ப்பு குறைவு, ஆனால் உறுதி கொடுக்க முடியாது என்றார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

விலகிவிடலாம் என்று உமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாழினி குறுக்கே வந்தாள்.

“அப்போ அந்த கம்ப்யூட்டர்ல தாத்தா செத்தே இருப்பாரா?”

அன்றைக்கே திருத்த விண்ணப்பத்தை அனுப்பினேன். பதில் ஒரே வாரத்தில் வந்தது. இந்தப் பதிலுக்கு மட்டும் என்ன வேகம் பாருங்கள். குறிப்பிட்ட நபர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு, அண்மைத் தேதியிட்ட அரசு ஆவணம் ஒன்றை இணைக்கவும். பாஸ்போர்ட் நைனாவிடம் இல்லை. ஆதார் அட்டையை அனுப்பினால், இது அடையாளத்துக்கான ஆவணம், உயிருடன் இருப்பதற்கானது அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான் என்று எந்த அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் என்று மேசையில் அடித்துக் கத்தினேன்.

கத்தி முடிக்கும்போதே ஞாபகம் வந்தது. நம் அரசாங்கம் கொடுக்கும். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் போய், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டி வாங்கிக்கொள்ளும் சான்றிதழ். நைனா ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. அப்போது அக்டோபர் முடியப்போகிற சமயம். ஆனால் அதைக் கேட்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

5

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். நைனா அப்போதுதான் காலை நாஸ்தாவை முடித்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

“இன்னாடா, மூஞ்சி ஒரு மாரியா கீது? கேஸு தோத்துடுச்சா?”

“இல்ல நைனா. ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.”

“திட்டறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன். நீ சொல்லு.”

சொன்னேன். தீபிகா காதுகுத்துக்கு வருவதற்காகத் தேர்வைத் தள்ளிவைத்ததையும், அதற்காக எழுதிக் கொடுத்ததையும். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

“இன்னா சீக்குல செத்தன்?” என்றார்.

“அதெல்லாம் எழுதல நைனா.”

“மொட்டையா செத்துட்டான்னு எழுதிட்டியா? ஒரு ஆர்ட் அட்டாக்காவது போட்டிருக்கலாமில்ல.”

அவர் சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியாமல் திரையைப் பார்த்தேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது யாழினி என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் அந்த விண்ணப்பத்தின் நகல்.

“தாத்தா, அப்பா உங்களப் பத்தி ஒரு எஸ்ஸே எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா?”

தடுக்க நினைத்தேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். அவள் ஆங்கிலத்தில் ஒரு வரி படித்து, மனசுக்குள் கூட்டிப் பார்த்து, தமிழில் சொன்னாள். கேரியருக்கு என்ன சொல்வது என்று உமாவைக் கேட்டாள். புங்க மரம் அவளுக்குத் தெரியவில்லை, பெரிய மரம் என்றாள். தப்பும் தவறுமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தாள். வாராவாரம் நான் சண்டை போட்டதற்கு அன்றைக்கு ஒரு நாள் போதும்.

“அப்பா ஒரு நாள்கூட கை காட்டலையாம் தாத்தா. இப்போ காட்ட முடியாதாம். அவ்ளோதான். டூ ஹண்ட்ரட் வேர்ட்ஸ் முடிஞ்சுது.”

நைனா திரைக்குக் கிட்டே வந்தார்.

“நான் அங்க நின்னுகினு இருந்தது உனுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும் நைனா.”

“தெனமுமா?”

“தெனமும்.”

“நான் ஒளிஞ்சு நிக்கறதா நெனச்சுகினு இருந்தேன்டா இத்தினி வருசமா.”

அதற்குமேல் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. யாழினி விடாமல் அடுத்த பக்கத்தை எடுத்து மார்கரெட்டின் கடிதத்தையும் தமிழில் படித்துச் சொன்னாள். உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அவர் இப்போதும் ஏதோ ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார்.

“இந்தம்மா மேலயா கேஸு போட்டுக்கீற?”

“இல்ல நைனா. அவங்க எப்பவோ ரிடையர் ஆயிட்டாங்க. கேஸு யுனிவர்சிட்டி மேல.”

“அந்தம்மா பேரு அதுல வராம பாத்துக்க. செத்தவனுக்கு இவ்ளோ நல்லதா ஒரு லெட்டர் எழுதிக்கீறாங்க. பாவம், உயிரோட கீறேன்னு தெரிஞ்சா சங்கடப்படுவாங்க.”

6

நவம்பர் முதல் வாரம் நைனா தபால் அலுவலகத்துக்குப் போனார். கலா கூடப் போனாள். அவர் விரல் ரேகை இயந்திரத்தில் விழாது. முப்பது வருஷம் அடுப்பும் தோசைக்கல்லும் தேய்த்த விரல். அதனால் முகத்தை போனில் காட்டச் சொன்னார்களாம்.

“கண்ண சிமிட்டுன்னான். சிமிட்டினேன். இன்னொரு வாட்டி சிமிட்டுன்னான். சிமிட்டினேன். உயிரோட கீறேன்னு வந்துடுச்சு. அவ்ளோதான், பேஜாரே இல்ல” என்றார்.

சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பதிவு திருத்தப்பட்டது என்று இரண்டு வரி வந்தது. பழைய விஷயத்தை யாரும் கிளறவில்லை, இதுவரைக்கும். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தகவல் வெளியானதால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. நான் என் வாயால் எப்போதோ சொல்லியிருக்க வேண்டியதை என் அப்பா இப்படிக் கேட்க வேண்டியதாயிற்று என்று எழுதினேன். இது நஷ்டமா, வேறு ஏதாவதா என்று வக்கீல் அம்மா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

டிசம்பரில் ஒரு தபால் வந்தது. மின்னஞ்சலில் ஏற்கெனவே வந்த சான்றிதழ்தான், அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கேன்டீனில் பில் எழுதிய அதே சாய்ந்த கையெழுத்தில் என் முகவரி எழுதி அனுப்பியிருந்தார். எதற்கு என்று போன் செய்து கேட்டேன்.

“ரெண்டு எடுத்தேன். ஒண்ணு பென்ஷன் ஆபீசுக்கு, ஒண்ணு உனுக்கு. இனிமே வருசா வருசம் அனுப்பறேன். நீ வந்து பாக்கற வரிக்கும் அத வெச்சுக்க.”

திட்டவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. மளிகை லிஸ்ட் சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் ஊருக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. முதலில் கொரோனா, பிறகு வீடு, பிறகு யாழினியின் பள்ளிக்கூடம். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே உண்மையான காரணம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மூன்று வார விடுப்புக்கு விண்ணப்பித்தேன். இங்கேயும் ஒரு பாரம், இங்கேயும் ஒரு காரணக் கட்டம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினேன்: என் அப்பா உயிரோடு இருக்கிறார். ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.